இசக்கியம்மாள் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திய கதை

காலையில் வாங்கிப்போன எட்டு உருப்படியையும் பத்து மணிக்கெல்லாம் ஜலஜா மாமி திருப்பிக் கொண்டுவந்து இஸ்திரி வண்டியின் மேல் போட்டாள்.

"மோந்து பாரு."

இசக்கியம்மாள் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, மேலாக இருந்த வேட்டியை எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். உடனே கீழே வைத்தாள். காலையில் பெட்டி பற்றவைத்த புகையில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

"எந்தச் சாக்கடைத் தண்ணியைத் தெளிச்சே? மாமா ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, வாசல் வரைக்கும் வந்துட்டார். என்னடி நாத்தம்னு திரும்ப உள்ளே போய் அவுத்துப் போட்டுட்டு நிக்கறார். இருபது வருஷமா உன்கிட்டதானே போடறோம்? இப்படியா பண்ணுவே?"

எதிர்க் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பால் வாங்க வந்த இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இசக்கியம்மாளுக்குக் காது இரண்டும் சூடாகிப்போயின.

மயிலாப்பூர் கிடங்குப் பிள்ளையார் தெருவில் அந்த வேப்பமரத்தடியில் அவள் நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வண்டி புருஷன் வைரவனுடையது. அவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போனபிறகு, மூன்றாம் நாளே வந்து பெட்டியில் கரி போட்டாள். வீட்டில் உட்கார்ந்து அழுதால் தெருக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒற்றை அறை. ஒரே மகள் ஷண்முகப்ரியா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இசக்கியம்மாள் ஒரு துணியைக் கருக்கியதில்லை, ஒன்றை மாற்றிக் கொடுத்ததில்லை. அவளுக்கென்று ஒரு பெருமை இருந்ததென்றால் அது அதுதான்.

"சாக்கடைத் தண்ணி இல்ல மாமி. சந்துல அடிபம்புல அடிச்ச தண்ணி. எல்லாரும் குடிக்கிற தண்ணி."

"அப்படின்னா இந்த நாத்தம் எங்கேருந்து வந்தது?"

இசக்கியம்மாள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். கரி கனன்றுகொண்டிருந்தது. "வாங்க" என்று சொல்லிவிட்டு மாமியின் வீட்டுப் பக்கவாட்டு வழியாகக் கொல்லைக்கு நடந்தாள். மாமி பின்னாலேயே ஓடிவந்தாள். அங்கே, தெருக் குடிநீர்க் குழாயோடு இணைத்த மாமி வீட்டு அடிபம்பு இருந்தது. நான்கு அடி அடித்ததும் தண்ணீர் வந்தது. பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. ஒரு கை அள்ளி, கொடியில் கிடந்த பழைய துண்டில் தெளித்து, துவைக்கிற கல்லின் மேல் விரித்து, பெட்டியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஆவி எழுந்தது. கூடவே அந்த வாடையும் எழுந்தது. மலக்குழியைத் திறந்தது போல.

மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பச்சையா இருக்கப்ப தெரியாது மாமி. சூடு பட்டாத்தான் தெரியும். உங்க வீட்டுத் தண்ணியும் இதேதான்."

"நாங்க குடிக்கறது கேன் தண்ணி" என்றாள் மாமி. சொல்லிவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். "ஆனா பாத்திரம் தேய்க்கறது, அரிசி களையறது எல்லாம் இதுலதானே?"

இசக்கியம்மாள் வண்டிக்குத் திரும்பினாள். எட்டு உருப்படியையும் கேன் தண்ணீரில் அலசிக் காயப்போட்டு, சாயங்காலம் மறுபடி தேய்த்துக் கொடுத்தாள். ஆனால் தெருவில் நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வி அவளுக்குள் அப்படியே நின்றது.

வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அந்தத் தெருவைப் பார்த்தபடி நிற்பவள் அவள். ஐந்து மாதத்துக்கு முன்னால் பெரிய சாலையில் ஏதோ வேலைக்காகப் பள்ளம் தோண்டினார்கள். அன்றிலிருந்து பஸ்ஸும் லாரியும் கிடங்குப் பிள்ளையார் தெரு வழியாகத்தான் போயின. தற்காலிகம் என்று எழுதிய பலகை ஒன்று முனையில் நின்றது. வெயிலில் அந்த எழுத்தே வெளுத்துப்போயிருந்தது. ஒவ்வொரு லாரி போகும்போதும் வண்டிப் பலகை அதிர்ந்தது. பதினாலாம் நம்பர் வீட்டுக்கு எதிரே தார் ஒரு தாம்பாளம் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. மாதத்துக்கு மாதம் அது அகலமாகியது. தண்ணீர் விடாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே கிடந்தது.

ஷரீஃபிடம்தான் முதலில் காட்டினாள். அவன் சந்தில் நான்காவது வீடு, ஆட்டோ ஓட்டுகிறவன்.

"அக்கா, நானும் பாத்துக்கினுதான் கீறேன்" என்றான் அவன். "நேத்து சவாரி வந்தப்ப சக்கரம் டபால்னு எறங்கிச்சு. உள்ள இன்னாவோ கோளாறு கீது. ஆனா நம்ம சொன்னா எவன் கேப்பான்?"

"கேக்க வச்சாக் கேப்பான்."

ஷண்முகப்ரியா கைப்பேசியில் புகார் எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். இசக்கியம்மாள் எட்டாவது வரை படித்தவள். வண்டியருகில் நின்றபடியே பேசி, தெருப் பேர், வீட்டு எண், வாடை, பள்ளம் என்று நிதானமாகச் சொன்னாள். மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. தெருவுக்குள் ஒரு ஆள்கூட வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி தீர்க்கப்பட்டது. இப்படி ஆறு தடவை தீர்ந்தது.

ஏழாவது தடவை நேரிலேயே போனாள். தண்ணீர் அலுவலகத்தில் இருந்த இளம் பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, அது ரொம்பப் பழைய பைப். அது மேல பஸ்ஸு லாரி எல்லாம் போனா என்ன ஆகும்? டிராபிக்காரங்ககிட்ட சொல்லி வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் நாங்க தோண்டிப் பாக்கறோம்."

போக்குவரத்து போலீஸ் பூத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர், "ரோடு உள்வாங்குதுன்னு தண்ணி டிபார்ட்மென்ட் எழுதிக் குடுக்கட்டும், வண்டியைத் திருப்பறேன். நீங்க சொன்னீங்கன்னு நான் திருப்ப முடியுமா?" என்றார்.

திரும்பி வந்தபோது பரத்வாஜ் வண்டியருகே நின்றிருந்தார். தெருவில் இருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர். கையில் நான்கு சட்டை.

"இசக்கி, நீ ஆபீஸ் ஆபீஸா அலையறியாமே? நாங்க சங்கத்து லெட்டர்ஹெட்ல ஏற்கெனவே எழுதிப் போட்டிருக்கோம். ஆபீசர்களோட சுமுகமா இருந்தாத்தான் காரியம் நடக்கும். நீ நடுவுல போய்ச் சத்தம் போட்டா அவாளுக்குக் கோபம் வரும். நாளைக்கே தண்ணி லாரியும் இந்தத் தெருவுல வரக்கூடாதுன்னுட்டா, எங்க நாப்பது வீட்டுக்கும் என்ன பண்றது?"

"உங்களுக்கு லாரி வருது சார். சந்துல முப்பத்தியோரு வீட்டுக்கும் அந்த ஒரு அடிபம்புதான்."

"அதைத்தான் சொல்றேன், நாங்க பாத்துக்கறோம்." சட்டைகளை வைத்துவிட்டுக் கிளம்பியவர் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வண்டியும் பர்மிஷன் இல்லாமதானே நிக்கறது. அதையும் யோசிச்சுக்கோ."

இசக்கியம்மாள் அந்த நான்கு சட்டைகளையும் தேய்த்தாள். பொத்தான் பட்டி நெளியாமல், காலர் மடங்காமல். விஷயம் தெரிந்து, அவர் சட்டையை ஏன் தேய்த்தாய் என்று ஷண்முகப்ரியா கேட்டபோது, "சட்டை என்ன பண்ணுச்சு?" என்றாள் இசக்கியம்மாள்.

அடுத்த வாரம் ஷண்முகப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் கடையில் மயங்கி விழுந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" அந்த வாரத்தில் சந்தில் காமாலை கண்ட நான்காவது ஆள் அவள். ஷரீஃபின் மனைவி கமர் ஜஹான் மூன்றாவது.

மகள் படுக்கையில் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். "காய்ச்சித்தானேம்மா குடிச்சோம்" என்றாள்.

"குடிக்கிறதைக் காய்ச்சினோம். வாய் கொப்பளிக்கிறதையும் தட்டு அலம்புறதையும் யார் காய்ச்சினா?" என்றாள் இசக்கியம்மாள். சொல்லும்போதே தன்மேல் கோபம் வந்தது. அந்த வாடையை முதலில் கண்டுபிடித்தவள் அவள். கண்டுபிடித்த பிறகும் வீட்டுத் தட்டை அதே தண்ணீரில்தான் கழுவியிருந்தாள். அன்று சாயங்காலம் கஞ்சி ஆற்றிக் கொடுத்த கையோடு, வீட்டிலிருந்த தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் காய்ச்சிய தண்ணீரில் மறுபடி கழுவினாள். பயத்தில் செய்கிறாள் என்றுதான் மகள் நினைத்தாள். பயம் இல்லை அது.

அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடக் கூடத்தில் ஏரியா சபைக் கூட்டம் நடந்தது. மக்கள் குறை சொல்வதற்கென்று நடக்கிற கூட்டம். முன்வரிசை நாற்காலிகளில் சங்கத்துக்காரர்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர், "எந்தச் சங்கம்?" என்று கேட்டார்.

"சங்கம் இல்ல."

"அப்ப பின்னாடி நில்லுங்கம்மா. பேசறதுக்கு லிஸ்ட் இருக்கு."

இசக்கியம்மாள் ரவிக்கைக்குள்ளிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதே வார்டு. இதே பள்ளிக்கூடத்துலதான் ஓட்டுப் போடுதேன். அன்னைக்கு எந்தச் சங்கம்னு ஒருத்தரும் கேக்கலையே?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேசைக்காரர் அவள் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அவள் முறை வந்தபோது மைக்கைக் கையில் வாங்கவில்லை. சத்தமாகவே பேசினாள். வாடை, பள்ளம், ஆறு தடவை தீர்ந்த புகார், சந்தில் இப்போது ஏழு பேருக்குக் காமாலை. பொறியாளர் எழுந்தார்.

"கிடங்குப் பிள்ளையார் தெருவுல போன வாரம் சாம்பிள் எடுத்துட்டோம். ரிப்போர்ட் நல்லா இருக்கு."

"எந்தக் குழாயில எடுத்தீங்க?"

அவர் தாளைப் புரட்டினார். "அபார்ட்மென்ட்ல. செயலாளர் சார்தான் கூட இருந்து எடுத்துக் குடுத்தாரு."

"அது லாரியில வார தண்ணி சார். லாரித் தண்ணி நல்லாருக்குன்னு ரிப்போர்ட் வாங்கியிருக்கீங்க. எங்க தண்ணியை யார் சோதிச்சா?"

கூடம் சலசலத்தது. பரத்வாஜ் தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். முடிவில் பதிவேட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அவள் பெயருக்கு நேரே 'குறை கேட்கப்பட்டு விளக்கம் அளிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. இசக்கியம்மாள் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே, எழுத்தெழுத்தாக, 'என் குறை தீரவில்லை' என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"அதுல அப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா."

"எழுதியாச்சு" என்றாள்.

ஒரு வாரம் போனது. பத்தாம் நாள் காலையில் வந்தார்கள். குழாயைப் பார்க்க அல்ல. சீருடை போட்ட இரண்டு பேர், கையில் ஒரு தாள். நடைபாதையில் அனுமதியின்றி வண்டி நிறுத்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்வதாகப் புகார். இரண்டு நாளில் அகற்றவேண்டும். புகார் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றைக்கு முழுதும் அவள் வழக்கம்போல வேலை பார்த்தாள். யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் துணி வாங்க வந்த ஜலஜா மாமி அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"என்ன பண்ணப் போறே?"

"அகத்தச் சொல்லியிருக்காங்க. அகத்தத்தான் போறேன் மாமி."

மறுநாள் காலை ஏழரை மணி. ஆபீஸ் வண்டி, பள்ளிக்கூட வண்டி எல்லாம் ஒன்றாய்த் திரளும் நேரம். இசக்கியம்மாள் வேப்பமரத்தடியிலிருந்து வண்டியை நகர்த்தினாள். தெருவோரமாகத் தள்ளிக்கொண்டு வந்து, பதினாலாம் நம்பர் வீட்டுக்கு எதிரே, நடுரோட்டில், அந்தப் பள்ளத்துக்கு ஒரு அடி முன்னால் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். பெட்டியில் கரியை ஊதிவிட்டு, முதல் சட்டையை விரித்தாள்.

முதலில் வந்தது ஒரு பஸ். டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர் லாரி, அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன், அதன் பின்னால் தெருமுனை வரை வண்டிகள். ஹார்ன் சத்தத்தில் காக்கைகள் மரத்தை விட்டுப் பறந்தன. ஒருவர் இறங்கி வந்து கத்தினார். இன்னொருவர் படம் பிடித்தார். ஷரீஃப் ஆட்டோவைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்திலேயே குறுக்காக நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஜலஜா மாமி வீட்டு வாசலில் நின்று சிறிது நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துவந்து, இஸ்திரி வண்டிக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மாமா, "ஜலஜா, என்னது இது!" என்றார்.

"எனக்கு முழங்கால் வலி. நின்னுண்டு போராட்டம் பண்ண முடியாது" என்று மாமி சத்தமாகப் பதில் சொன்னாள்.

சந்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கால் மணி நேரத்தில் போக்குவரத்து எஸ்.ஐ. மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

"ஏம்மா, அறிவிருக்கா? எடும்மா வண்டியை!"

இசக்கியம்மாள் பெட்டியைக் கீழே வைத்தாள். நோட்டீஸை அவரிடம் நீட்டினாள்.

"ஓரமா நின்னப்ப இடைஞ்சல்னு எழுதிக் குடுத்தீங்க சார். எழுதினது பொய்யாகக் கூடாதுன்னு வந்து நிக்கேன்."

"கேஸ் போடுவேன், தெரியுமா?"

"போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த இடத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் தார்தான் நிக்கு. அந்தப் பள்ளிக்கூட வேன் இதுமேல போயிட்டு உள்ள எறங்கிச்சுன்னா, அன்னைக்கு யார்மேல கேஸ் போடுவீங்க?"

எஸ்.ஐ. பள்ளத்தைப் பார்த்தார். "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்று காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

ஷரீஃப் ஆட்டோவிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துவந்தான். "சார், கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லி, வெடிப்பில் நுனியை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். கம்பி ஒரு சாண் வரை முக்கி முக்கி இறங்கியது. பிறகு தடையே இல்லாமல் பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவன் நிலைதடுமாறி முட்டிபோட்டு உட்கார்ந்தான். இழுத்தபோது கம்பி முழுதும் கறுப்பாக, ஒழுகிக்கொண்டு வெளியே வந்தது. நாற்றம் தாங்காமல் எஸ்.ஐ. இரண்டடி பின்னால் போனார்.

ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். அறுபதை நெருங்கும் ஆள். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நான் ரிவர்ஸ் எடுத்துக்கறேன். இதுமேல ஓட்ட மாட்டேன்" என்றார். "அறுபது பேர் உள்ள இருக்காங்க."

அவர் சொன்னபிறகு அங்கே ஹார்ன் அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. எஸ்.ஐ. யாருக்கோ போன் செய்தார். அரைமணி நேரத்தில் தெருமுனையில் தடுப்பு வைத்து, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுக்கவைத்தார். தண்ணீர்ப் பொறியாளருக்கும் அவரே பேசினார். "நேர்ல வாங்க சார். எழுத்துல எல்லாம் வேணாம்" என்று அவர் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

பதினோரு மணிக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். தாருக்கு அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு வெற்றிடம். குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அருகருகே கிடந்தன. இரண்டுக்கும் ஒரே இடத்தில் விரிசல். பொறியாளர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே இசக்கியம்மாள் நின்றிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் வந்து பாத்திருக்கணும்மா" என்றார்.

"ஆமா சார். பாத்திருக்கணும்" என்றாள் அவள். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஷண்முகப்ரியா இன்னும் எழுந்து நடமாடவில்லை.

குழாய் மாற்ற ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் சந்துக்குத் தனியாகத் தண்ணீர் லாரி வந்தது. கனரக வண்டிகளுக்கு அந்தத் தெரு மூடப்பட்டது. தண்ணீர் அலுவலகம் எழுதிக் கேட்டுக்கொண்டபடி என்று பலகையில் போட்டிருந்தார்கள். இஸ்திரி வண்டி வேப்பமரத்தடிக்கே திரும்பியது; நோட்டீஸைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை. ஷண்முகப்ரியா ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். உடம்பு பாதியாகியிருந்தது. கடையில் நாள் முழுக்க நிற்க முடியாமல், பில் போடும் இடத்துக்கு மாற்றச் சொல்லி அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்கும் விதத்தை வீட்டில்தானே பார்த்திருக்கிறாள்.

போக்குவரத்தை மறித்ததற்காக எஸ்.ஐ. போட்ட வழக்கை மட்டும் கைவிடவில்லை. சைதாப்பேட்டைக் கோர்ட்டுக்கு இரண்டு தடவை போய்வந்தாள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று வக்கீல் சொன்னார்.

"வண்டியை நிறுத்தினதை ஒத்துக்கிடுதேன். தப்புன்னு ஒத்துக்கிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். வழக்கு தள்ளிப்போயிருக்கிறது. வாய்தா நாளில் காலை உருப்படிகளை முடித்துவிட்டு, பஸ் ஏறிப் போய்வருகிறாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பரத்வாஜ் வந்தார். துணி இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். சங்கத்தில் எல்லாரும் பேசியதாகவும், இசக்கியம்மாளைச் சிறப்பு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னார்.

"சந்துல முப்பத்தியோரு வீடு இருக்கு. எல்லாரையும் சேப்பீங்களா?"

"அது, பைலாவுல இடமில்லை. சொந்த ஃப்ளாட் இருக்கணும்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு சார்?" என்றாள். "உங்க சங்கம் உங்களுக்கு இருக்கட்டும். எங்க விஷயத்தை நாங்களே போய்ப் பேசிக்கிடுதோம்."

தெருக் குழாய் மாறியது. சந்துக்குள் போகும் கிளைக் குழாய் பழையதுதான். அது அடுத்த திட்டத்தில் வரும் என்றார்கள். அடுத்த ஏரியா சபைக்குச் சந்திலிருந்து பத்தொன்பது பேர் போனார்கள். கமர் ஜஹான் கைக்குழந்தையோடு வந்தாள். ஜலஜா மாமி நாற்காலியைப் பிடித்துவைத்துக்கொண்டு கை காட்டினாள். வாசல் மேசைக்காரர் இந்தத் தடவை எந்தச் சங்கம் என்று கேட்கவில்லை.

பொறியாளர் தாளைப் பிரித்து, "கிடங்குப் பிள்ளையார் தெருப் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்று வாசிக்க ஆரம்பித்தார்.

இசக்கியம்மாள் எழுந்து நின்றாள். அவள் எழுந்ததும் மற்ற பதினெட்டுப் பேரும் எழுந்தார்கள். பொறியாளர் அவர்களைப் பார்த்தார். தாளை மடித்து மேசைமேல் வைத்தார்.

"சரி, சொல்லுங்கம்மா" என்றார். "சந்துல எந்த வீட்டுலேருந்து ஆரம்பிக்கலாம்?"